நிரூபணத்துக்கும் பெட்டிக்கும் இடையே

நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1989-இல் அங்கே ஒரு மேசைமீது, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு, மிக மங்கலான ஒளித் துடிப்புகளை அனுப்பி ஒரு சோதனை நடந்தது. சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் ஐந்தாண்டுகளுக்கு முன் தாளில் வகுத்திருந்த ரகசியச் சாவி முறை அப்போதுதான் முதல்முறையாகக் கருவி வடிவம் பெற்றது. ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றும் படிகத்துக்கு உயர் மின்னழுத்தம் தர வேண்டும். அதைத் தந்த மின்வழங்கி இரைந்தது. எவ்வளவு மின்னழுத்தம் என்பதைப் பொறுத்து இரைச்சலும் மாறியது. ஒளியைத் தொடவே வேண்டாம், அறையில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும், எந்தத் திசையில் ஒளி போகிறது என்று தெரிந்துவிடும். காது கேளாத ஒட்டுக்கேட்பவரிடமிருந்து மட்டுமே அந்தக் கருவி முழுப் பாதுகாப்புத் தந்தது என்ற பொருளில் பிராசாரே பின்னாளில் எழுதினார்.

அந்தச் சோதனையில் ஒளித்துகள்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. கணிதமும் செய்யவில்லை. ரகசியம் கசிந்தது, கணக்கில் யாரும் சேர்க்காத ஒரு வழியாக. குவாண்டம் மறையாக்கத்தின் அடுத்த முப்பது ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பலவீனங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். நிரூபணம் இன்றுவரை உடையவில்லை. பெட்டிகள் உடைந்திருக்கின்றன, அதுவும் பலமுறை. முதல் பாதியை மட்டும் சொல்லிக் கருவியை விற்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டாம் பாதியை மட்டும் சொல்லித் துறையையே ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இப்போது இந்தியாவுக்கு வந்திருக்கிறது.

அந்த ரகசியச் சாவி முறை உலகுக்கு அறிமுகமான இடம் பெங்களூர். 1984 டிசம்பரில் அங்கே நடந்த ஒரு பன்னாட்டுக் கணினி மாநாட்டின் தொகுப்பில்தான் பென்னட்-பிராசார் கட்டுரை வெளியானது. இருவர் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் சேர்ந்து அதற்கு பிபி84 என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் உள்ளடக்கம் எளிது. அனுப்புபவரை ஆலிஸ் என்றும் பெறுபவரைப் பாப் என்றும் ஒட்டுக்கேட்பவரை ஈவ் என்றும் அழைப்பது இத்துறை வழக்கம். ஆலிஸ் ஒவ்வொரு பிட்டையும் ஓர் ஒளித்துகளின் அதிர்வுத் திசையில் ஏற்றி அனுப்புகிறார். திசையைக் குறிக்க இரண்டு அச்சுகள் உண்டு, ஒன்று நேர், மற்றது சாய்வு. எந்தத் துகளுக்கு எந்த அச்சு என்பதை அவர் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறார். பாப்பும் தற்செயலாக ஓர் அச்சைத் தேர்ந்து அளக்கிறார். இருவர் அச்சும் ஒன்றானால் சரியான பிட் கிடைக்கும். வேறானால் கிடைப்பது அர்த்தமற்ற பூஜ்யமோ ஒன்றோ. எல்லாம் முடிந்தபின் இருவரும் பொது இணைப்பில் அச்சுகளை மட்டும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். மிஞ்சுவது சாவி.

நடுவில் ஈவ் நுழைந்தால் என்ன ஆகும்? ஒளித்துகளை நகலெடுக்க முடியாது. 1982-இல் வூட்டர்ஸும் ஜூரெக்கும், தனியாக டீக்ஸும் இதை நிறுவிவிட்டார்கள். எனவே ஈவ் துகளைப் பிடித்து அளந்து, தான் கண்டதை மறுபடி அனுப்ப வேண்டும். ஆலிஸின் அச்சு அவருக்குத் தெரியாததால் பாதித் தடவை தப்பான அச்சில் அளப்பார். அப்படி அனுப்பியவற்றில் பாதி, பாப்பிடம் தவறான பிட்டாக விழும். மொத்தத்தில் நூற்றுக்கு 25 பிழை. சாவியின் ஒரு பகுதியை வெளிப்படையாக ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். இன்னும் நுட்பமான தாக்குதல்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பிழை ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பான சாவியை வடித்தெடுக்கலாம் என்று பீட்டர் ஷோரும் ஜான் பிரெஸ்கிலும் 2000-இல் நிறுவினார்கள். ஈவிடம் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் இந்த நிரூபணம் அசையாது. மறையாக்க வரலாற்றில் இப்படியொரு உறுதி அபூர்வம். அதன் அழகில் மயங்குவது இயல்பே.

ஆனால் நிரூபணம் பேசுவது ஓர் உருவகக் கருவியைப் பற்றி. அந்தக் கருவியில் ஆலிஸின் மூலம் ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் ஒளித்துகளைத்தான் உமிழும். பாப்பின் உணரி ஒளித்துகள் விழுந்தால் மட்டுமே ஒலிக்கும். இரண்டு உணரிகளும் எல்லா வகையிலும் ஒரே மாதிரி. அவர்கள் அறைக்குள் கேபிள் வழியாகப் பிறர் எதையும் நுழைக்க முடியாது, உள்ளேயிருந்து வேறெதுவும் வெளியே கசியாது. நிரூபணத்தின் ஒவ்வொரு வரியும் இந்த எடுகோள்களின்மீது நிற்கிறது. கடைகளில் வாங்கக்கூடிய லேசரும் டையோடும் இவற்றில் ஒன்றைக்கூட முழுமையாக நிறைவேற்றுவதில்லை.

முதல் எடுகோளைப் பாருங்கள். ஒற்றைத் துகளை உமிழும் மூலம் இன்றும் விலையுயர்ந்த ஆய்வகப் பொருள்தான். எனவே நடைமுறையில் சாதாரண லேசரை மிகவும் மங்கவைத்துப் பயன்படுத்துகிறார்கள், ஒரு துடிப்புக்குச் சராசரியாக 0.1 துகள் என்ற அளவில். சராசரி அப்படி, உண்மையில் பத்தாயிரம் துடிப்புகளில் ஏறத்தாழ 9,050 வெறுமையாகவும், 905 ஒரே துகளோடும், 47 இரண்டோ அதற்கு மேலோ துகள்களோடும் போகும். அந்த 47-தான் ஈவுக்கு வாசல். இரண்டு துகள் உள்ள துடிப்பிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பாப்பிடம் அனுப்பிவிட்டால், அச்சுகள் பொதுவில் அறிவிக்கப்பட்டபின் சரியான அச்சில் நிதானமாக அளக்கலாம். பிழையே ஏற்படாது. 47 சின்ன எண்தானே என்று தோன்றும். கண்ணாடியிழையின் இழப்பைச் சேர்த்தால்தான் ஆபத்தின் அளவு புரியும். இன்றைய நல்ல இழையில் 100 கிலோமீட்டர் போனால் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மிஞ்சும். அனுப்பிய பத்தாயிரத்தில் பாப் எதிர்பார்ப்பதே ஏறத்தாழப் பத்துத் துகள்கள்தான். ஈவ் ஒற்றைத் துகள் துடிப்புகள் அனைத்தையும் தடுத்துவிட்டு, தன் கையில் உள்ள 47-இலிருந்து பத்தை மட்டும் இழப்பில்லாமல் பாப்பிடம் சேர்த்தால் போதும். முழுச் சாவியும் அவருடையது, பாப்புக்கு வழக்கமான இழப்பு என்றே தெரியும்.

இந்த ஓட்டையைக் கோட்பாட்டாளர்களே முதலில் கண்டார்கள், அவர்களே சிறப்பாக அடைத்தார்கள். தென் கொரியரான வோன்-யங் ஹ்வாங் 2003-இல் சொன்ன வழி, 2005-இல் ஹோய்-குவாங் லோ குழுவாலும் சியாங்-பின் வாங்காலும் முழுமை பெற்றது. ஆலிஸ் சில துடிப்புகளின் செறிவைத் தற்செயலாக மாற்றி, போலித் துடிப்புகளை இடையிடையே கலந்து அனுப்புகிறார். எது போலி, எது அசல் என்று ஈவுக்குத் தெரியாது. இரண்டு துகள் துடிப்புக்குத் தனிச் சலுகை கொடுத்தால், வெவ்வேறு செறிவுகள் பாப்பிடம் வந்துசேரும் விகிதம் குலைந்து காட்டிக்கொடுத்துவிடும். புதிய கருவி எதுவும் பெரிதாகத் தேவையில்லை. இன்று இயங்கும் அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த முறையில் இயங்குபவைதான். கோட்பாடும் பொறியியலும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உணரிகளின் கதை வேறு. அங்கே ஓட்டையைக் கோட்பாடு காணவில்லை. அது தன் உருவகத்தில் உணரியை ஒரு கட்டமாக மட்டுமே வரைந்திருந்தது. கட்டத்துக்குள் இருந்த மின்சுற்றைத் திறந்து பார்த்தவர்கள் நார்வேயின் டிரோன்ஹெய்ம் நகரில், அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள்: வாதிம் மக்காரவ், யோஹன்னஸ் ஸ்கார், லார்ஸ் லீடர்சன். ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஒளி அறிவியல் நிறுவனத்தாரோடு சேர்ந்து அவர்கள் 2010-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையை உலுக்கியது. சுவிட்சர்லாந்தின் ஐடி குவான்டிக் நிறுவனத்தின் கிளாவிஸ்2, அமெரிக்காவின் மேஜிக்யூ நிறுவனத்தின் கியூபிஎன் 5505 என்ற, விலை கொடுத்து வாங்கக்கூடிய இரண்டு அமைப்புகளின் உணரிகளையும் ஒரு சாதாரண லேசரால் தங்கள் இஷ்டப்படி ஆட்டுவிக்க முடியும் என்று காட்டினார்கள்.

எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் அந்த விவரத்தில் இருக்கிறது. பாப்பிடம் உள்ள உணரி ஒரு சரிவு ஒளிடையோடு. அதன் முறிவு மின்னழுத்தத்தைவிடச் சற்று அதிகமான அழுத்தத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்தாலும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தட்டிவிட்டுப் பெருகி, அளக்கக்கூடிய மின்னோட்டமாகச் சரிந்து வரும். அதுதான் ஒரு 'கிளிக்'. இப்போது ஈவ் கேபிள் வழியாக இடைவிடாமல் பிரகாசமான ஒளியைச் செலுத்துகிறார். டையோடில் தொடர்ந்து மின்னோட்டம் பாய்கிறது. சுற்றில் உள்ள மின்தடை அந்த ஓட்டத்தில் அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. டையோடில் மிஞ்சும் அழுத்தம் முறிவு அளவுக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கணத்திலிருந்து அது ஒற்றைத் துகளை உணரும் கருவி அல்ல. எவ்வளவு ஒளி விழுகிறதோ அவ்வளவு மின்னோட்டம் தரும் சாதாரண டையோடு. ஒற்றைத் துகள் அதன் கண்ணில் படாது. ஆனால் குறிப்பிட்ட வாசலளவுக்கு மேற்பட்ட செறிவுள்ள துடிப்பு விழுந்தால், மின்சுற்று அதையும் 'கிளிக்' என்றே பதிவு செய்யும். சுற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

இனி ஈவ் ஆலிஸின் துகள்களைத் தானே ஒரு பாப் போல அளக்கிறார். தனக்குக் கிடைத்த அச்சிலும் பிட்டிலும், வாசலளவைச் சற்றே தாண்டும் செறிவுள்ள துடிப்பைப் பாப்புக்கு அனுப்புகிறார். பாப் அதே அச்சைத் தேர்ந்திருந்தால் முழு ஒளியும் ஒரே உணரியில் விழும், அது ஒலிக்கும், ஈவிடம் உள்ள அதே பிட் பாப்பிடமும் பதியும். பாப் வேறு அச்சைத் தேர்ந்திருந்தால் ஒளி இரண்டாகப் பிரியும். பாதி ஒளி வாசலளவை எட்டாது. எந்த உணரியும் ஒலிக்காது. நிரூபணத்தின்படி, தப்பான அச்சில்தான் ஈவ் அகப்பட்டுக்கொள்ள வேண்டும். இங்கே தப்பான அச்சு நேரும்போதெல்லாம் பாப் எதையுமே காண்பதில்லை. துகள் வழியில் தொலைந்தது என்றே எடுத்துக்கொள்கிறார். இயல்பிலேயே பெரும்பாலான துகள்கள் தொலையும் அமைப்பு அது. இழையில் தொலைகின்றன, உணரியில் பத்தில் ஒன்பது தவறுகின்றன. ஈவ் ஆலிஸுக்கு அருகிலேயே நல்ல உணரிகளோடு உட்கார்ந்தால் இந்த இழப்பை எளிதில் ஈடுகட்டிவிடலாம். விளைவு: 25 விழுக்காடு என்ற எச்சரிக்கை மணி ஒலிப்பதே இல்லை. பாப்பின் சாவியும் ஈவின் சாவியும் ஓரெழுத்து விடாமல் ஒன்று.

ஆய்வக மேசையில் உணரியை ஆட்டுவிப்பது ஒன்று, இயங்கும் இணைப்பில் சாவியைத் திருடுவது வேறு என்று அப்போது சிலர் சொன்னார்கள். அதற்கும் பதில் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கூர்ட்சீஃபர் குழு உருவாக்கிய அமைப்பு ஒன்று இருந்தது. அதன் 290 மீட்டர் நீள இழை வளாகத்தின் கட்டடங்களுக்கு ஊடாகப் போனது. அந்தக் குழுவும் நார்வே குழுவும் சேர்ந்து நடுவில் ஒரு முழுமையான ஈவைக் கட்டி, சாவி உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதை முழுவதும் எடுத்துக் காட்டின. கட்டுரை 2011-இல் வெளியானது. அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில், குவாண்டம் பிணைப்புக்கு அடையாளமாகக் கருதப்படும் பெல் சமனின்மை மீறலையும் இதே உத்தியால் போலியாக உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். தாங்கள் கட்டியதைத் தாங்களே உடைத்து, உடைத்த விதத்தை உலகறிய எழுதியவர்கள் இவர்கள். இத்துறைமீது எனக்கு நம்பிக்கை உண்டென்றால் அதில் பெரும்பங்கு இப்படிப்பட்டவர்களால் வந்தது.

நிறுவனங்கள் எப்படி நடந்துகொண்டன? ஐடி குவான்டிக்குக் கட்டுரை வெளியாவதற்கு முன்பே தகவல் தரப்பட்டது. அந்நிறுவனம் தன் கருவியை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது, தடுப்பும் சேர்த்தது. மேஜிக்யூவின் அந்த மாதிரி அதற்குள் விற்பனையிலிருந்து விலகியிருந்தது. கேம்பிரிட்ஜில் உள்ள தொஷிபா ஆய்வகம் எதிர்க் கட்டுரை எழுதியது: மின்தடையையும் வாசலளவையும் சரியாக அமைத்தால் இந்தத் தாக்குதல் பலிக்காது, இது அமைப்பின் குறை அல்ல, அமைத்த விதத்தின் குறை. நார்வே குழு மறுத்தது. மின்தடை இல்லாவிட்டாலும் ஒளியால் டையோடைச் சூடாக்கியே குருடாக்கலாம் என்று காட்டியது. மீக்கடத்து நுண்கம்பி உணரிகள் வந்தால் பிரச்சினை தீரும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. 2011-இல் அவையும் பிரகாச ஒளிக்கு அடங்கின.

ஐடி குவான்டிக் சேர்த்த தடுப்பு புத்திசாலித்தனமானது. உணரியின் திறனைத் தற்செயலாகச் சில கணங்களில் பூஜ்யமாக்குவது. அந்தக் கணத்தில் கிளிக் வந்தால் யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்று அர்த்தம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்திருந்த மக்காரவின் குழு அந்தத் தடுப்பையும் சோதித்தது. ஒளித் துடிப்பின் ஆற்றலையும் நேரத்தையும் சற்று மாற்றினால், உணரி விழித்திருக்கும் கணத்தில் மட்டும் கிளிக் வரவைத்துத் தடுப்பைத் தாண்டிவிடலாம் என்று 2016-இல் எழுதியது. தடுப்பும் ஓர் எடுகோளின்மீதுதான் நின்றிருந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு புதிய எடுகோள், ஒவ்வோர் எடுகோளுக்கும் ஒரு புதிய சோதனை என்றுதான் இந்தப் பதினைந்து ஆண்டுகளும் நகர்ந்திருக்கின்றன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பாப்பின் இரண்டு உணரிகளும் விழிக்கும் நேரத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தால், துகளை அளக்காமலேயே அதன் வருகை நேரத்தை மட்டும் தள்ளி, எந்த உணரி ஒலிக்க வாய்ப்பு அதிகம் என்று ஈவ் ஊகிக்கலாம். டொரான்டோவில் 2008-இல் ஒரு வணிக அமைப்பின்மீதே இது செய்துகாட்டப்பட்டது. ஆலிஸின் கருவிக்குள் வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொளியை அளந்தால், அவர் தேர்ந்த அச்சு தெரிந்துவிடும். இதற்கு டிரோஜன் குதிரைத் தாக்குதல் என்று பெயர். சிலிக்கான் சரிவு டையோடு ஒவ்வொரு கிளிக்கின்போதும் தானே மெல்லிய ஒளியை வெளியே உமிழ்கிறது. அது கேபிள் வழியே திரும்பிப் போகக்கூடும். இவற்றுக்கெல்லாம் வடிகட்டி, ஒருவழி ஒளிக்கதவு, கண்காணிப்பு உணரி என்று மாற்றுகள் உண்டு. ஆனால் அந்த மாற்றுகளையே வலிமையான லேசரால் எரித்துச் சேதப்படுத்தலாம் என்று 2014-இலும் 2016-இலும் வந்த கட்டுரைகள் காட்டின. உள்ளே வரும் ஒளியின் கோணத்தைக் கட்டுப்படுத்த வைத்திருந்த ஊசித்துளையை லேசர் உருக்கி அகலப்படுத்தியது. தொழிற்சாலையில் சோதித்துச் சான்று தந்த கருவி, நிறுவிய பிறகும் அதே கருவியாக இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிட்டது.

அடைப்பதை விட்டுவிட்டு, நம்ப வேண்டியவற்றையே குறைத்தால் என்ன? இந்தக் கேள்விதான் துறையை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. லோ, கர்ட்டி, சீ ஆகியோர் 2012-இல் முன்வைத்த வழியில் ஆலிஸும் பாப்பும் இருவருமே அனுப்புபவர்கள். நடுவில் உள்ள ஓர் அளவீட்டு நிலையத்துக்கு இருவரும் துகள்களை அனுப்புகிறார்கள். அந்த நிலையத்தை ஈவே நடத்தினாலும் பரவாயில்லை. அவர் சொல்லும் முடிவு, இருவர் பிட்டும் ஒன்றா வேறா என்பதை மட்டும் காட்டும், பிட் எது என்பதைக் காட்டாது. உணரிகள்மீதான அத்தனை தாக்குதல்களும் ஒரே வீச்சில் அர்த்தமிழந்தன. குருடாக்குவதாலும் நேரம் தள்ளுவதாலும் இனி எந்தப் பயனும் இல்லை. பெரும் உழைப்பை மிச்சப்படுத்திய எளிமையான திருப்பம் இது. இதன் வழிவந்த இரட்டைப் புல முறையில் 2023-இல் சீன ஆய்வாளர்கள் 1,002 கிலோமீட்டர் இழையைத் தாண்டினார்கள். ஆனால் அனுப்பும் கருவிகளை இன்னும் நம்பியாக வேண்டும். டிரோஜன் குதிரைக்கு அங்கே வேலை உண்டு.

அதையும் நம்பத் தேவையில்லாத முறை ஒன்று இருக்கிறது. ஆர்தர் எக்கர்ட் 1991-இல் பெல் சமனின்மையைச் சாவிக் காவலாகப் பயன்படுத்தலாம் என்று சொன்னதிலிருந்து முளைத்தது. இரண்டு கருவிகளின் விடைகளும் போதிய அளவு பெல் எல்லையை மீறினால், எந்தத் துகளும் விட்டுப்போகாமல் எண்ணப்பட்டிருந்தால், கருவிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரிய வேண்டியதில்லை. எதிரியே செய்து கொடுத்த கருவியானாலும் சாவி பாதுகாப்பானது. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இது முதன்முறை முழுமையாக நடந்தது. இரண்டு மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஸ்ட்ரான்ஷியம் அயனிகள், ஏறத்தாழ எட்டு மணி நேரம், 95,628 பிட் சாவி. யோசனையைத் தொடங்கியவர் கண்முன்னே அது மெய்யாகியது பெரும் சாதனை. அளவையும் மறக்கக் கூடாது. ஒரு பிட்டுக்கு ஒரு சாவிப் பிட் என்று முழு ரகசியத்தோடு செய்தி அனுப்ப விரும்பினால், தமிழ் ஒருங்குறி எழுத்துகளில் அந்த எட்டு மணி நேரச் சாவி இந்தக் கட்டுரை முழுவதையும் மறைக்கக்கூடப் போதாது. மேலும், அறையிலிருந்து எதுவும் கசியக் கூடாது என்ற எடுகோள் இந்த முறையிலும் அப்படியே இருக்கிறது. அதை எந்தச் சமனின்மையாலும் சோதிக்க முடியாது.

ஒளியோடு சம்பந்தமே இல்லாத இரண்டு பலவீனங்களையும் சொல்ல வேண்டும். அச்சுகளை ஒப்பிடும் பொது இணைப்பில் மறுமுனையில் இருப்பவர் பாப்தான் என்று ஆலிஸுக்கு எப்படித் தெரியும்? குவாண்டம் இயற்பியல் அதற்கு விடை தருவதில்லை. முன்பே பகிர்ந்துகொண்ட ஒரு சிறு ரகசியமோ வழக்கமான மறையாக்கமோ வேண்டும். அடுத்தது தூரம். ஒளித்துகளை நகலெடுக்க முடியாது என்ற விதியே வழியில் அதைப் பெருக்கவும் விடுவதில்லை. ஆகவே நீண்ட இணைப்புகளில் நூறு கிலோமீட்டருக்குள் ஒன்று என்ற கணக்கில் இடைநிலையங்கள் வைக்கிறார்கள். 2017-இல் திறக்கப்பட்ட பெய்ஜிங்-ஷாங்காய் தடத்தில், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரில், அப்படி 32 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் சாவி சாதாரணக் கணினி நினைவகத்தில் வெறும் பிட்டுகளாக வெளிப்படுகிறது. அங்கே அதைக் காப்பது இயற்பியல் விதி அல்ல. கதவும் பூட்டும் காவலாளியும் அங்கு வேலை பார்ப்பவர்களின் நாணயமும்தான்.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, இந்தக் குறைகள் நீங்காதவரை தேசப் பாதுகாப்பு அமைப்புகளில் குவாண்டம் சாவிப் பகிர்வைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. 2024 ஜனவரியில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாடும் ஏறத்தாழ அதுவே: குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத புதிய கணித முறைகளுக்கு முன்னுரிமை, ஒளி முறைக்குக் குறுகிய பயன்பாடு மட்டும். அந்தக் கணித முறைகளில் மூன்றை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் தரநிலையாக்கிவிட்டது.

இந்த வாதத்தில் பெரும்பகுதி எனக்கு ஏற்புடையது. ஆனால் ஒரு வேறுபாட்டை அது போதிய அளவு எடைபோடவில்லை. அந்த மூன்றையும் தேர்ந்தெடுத்த தரநிலைப் போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்ற கணித முறையை, 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் ஒற்றைக் கணினிச் செயலியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அப்படியொரு முறை உடையும் நாளில், அதுவரை யாரோ பதிவு செய்து சேமித்து வைத்திருந்த பழைய செய்திகள் எல்லாமே திறந்துகொள்ளும். ஒளி முறையில் அப்படி இல்லை. சாவி உருவாகும் கணத்தில், அந்தக் கேபிளில், சரியான லேசரோடு ஈவ் இருந்திருக்க வேண்டும். அன்று இல்லாதவர் பத்தாண்டு கழித்து எவ்வளவு அறிவு பெற்றாலும் அன்றைய சாவியை எடுக்க முடியாது. முப்பது நாற்பது ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ, ராணுவ, தூதரக ஆவணங்களுக்கு இது சிறிய லாபம் அல்ல. இரண்டு முறைகளின் சாவியையும் கலந்து பயன்படுத்தினால், இரண்டும் ஒரே நேரத்தில் உடைந்தால்தான் ரகசியம் போகும். என் கருத்தில் ஒளி முறையின் உண்மையான இடம் அதுதான்.

இந்தியாவின் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. மேலே சொன்ன வகை இடைநிலையங்களோடு 2,000 கிலோமீட்டர் நகரிடைச் சாவிப் பகிர்வும், அதே தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பும் அதன் இலக்குகளில் உண்டு. 2021-இல் இஸ்ரோ 300 மீட்டர் திறந்தவெளியிலும், 2022-இல் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழக்கமான தொலைத்தொடர்பு இழையிலும் செய்துகாட்டின. குவாண்டம் தொடர்புக்கான மையம் சி-டாட் அமைப்போடு சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் அமைகிறது. கட்டும் திறமை இங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

உடைக்கும் திறமைக்கும் அதே அளவு இடம் வேண்டும். டிரோன்ஹெய்மிலும் சிங்கப்பூரிலும் வாட்டர்லூவிலும் நடந்தது தற்செயல் அல்ல. உடைப்பதையே வேலையாகக் கொண்ட சிறு குழுக்களுக்குச் சம்பளமும் கருவியும், கண்டதை வெளியிடும் உரிமையும் அங்கே கிடைத்தன. கருவியைக் கட்டிய குழுவே அதற்குச் சான்றும் தந்தால், அந்தச் சான்று அக்குழு ஏற்கெனவே எண்ணிப் பார்த்த தாக்குதல்களைத் தாண்டிப் போகாது. 2023-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 23837 தரநிலை, சாவிப் பகிர்வுக் கருவிகளை எந்தெந்தத் தாக்குதலுக்கு எப்படிச் சோதிக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. இந்தியாவில் இத்தகைய கருவிகளை வாங்கப்போகும் துறைகளின் ஒப்பந்தப்புள்ளிகளில் அந்தச் சோதனை கட்டாயமாக வேண்டும். தூரத்தையும் நொடிக்கு இத்தனை பிட் என்ற வேகத்தையும் மட்டும் கேட்டால், விற்பவர் தருவதும் அவை மட்டுமே. உணரியில் புதிய ஓட்டை தெரியவந்தால் மென்பொருள்போல ஓரிரவில் திருத்தம் அனுப்ப முடியாது. நிலையம் நிலையமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து மாற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது, எத்தனை நாளில் மாற்றுவார்கள், அதுவரை அந்தத் தடத்தில் என்ன மாதிரிச் செய்திகள் போகலாம் என்பவை முதல் கேபிளைப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய கேள்விகள்.